பேட்டரியை இறக்குறவன்

குனிஞ்சு வாங்க, ஷெட்டு நிலை தலையில இடிக்கும். பொண்ணுக்குத் தாய்மாமன் தாராபுரத்துல இருந்து பையனப் பத்தி விசாரிக்க வந்திருக்கறாரு, இந்தாளு என்னடான்னா காப்பியக் குடுத்துட்டுக் காரைக் காட்டக் கூட்டீட்டுப் போறானேன்னு நெனைக்கறீங்க. நெனைங்க, தப்பில்ல. ஆனா நந்தகோபாலப் பத்தி நீங்க தெரிஞ்சுக்க வேண்டியது அத்தனையும் இந்த ஷெட்டுக்குள்ளதானுங்க இருக்குது. படிப்பு, ஜாதகம், திருப்பூர் பனியன் கம்பெனில என்ன வேலைங்கறதெல்லாம் தரகர் சொல்லியிருப்பாரு. அதெல்லாம் பொய்யுன்னு நான் சொல்லமாட்டேன். பெத்தவன் வாயால ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணுவோம்னு வந்தீங்க பாருங்க, அது பெரிய மனுசத்தனம். அதனால எதையும் மறைக்காம சொல்றேன். நாளைக்கு உங்க பொண்ணு கண்ணக் கசக்கீட்டு வந்து நின்னா, அந்தாளு அன்னைக்கே சொல்லலியேன்னு என்னையத் திட்டக்கூடாது.

வண்டியத் தொடாதீங்க. பாருங்க, நல்லாப் பாருங்க, தொடாதீங்க.

எனக்கும் முன்னால பொறந்த காருங்க இது. சீமைல செஞ்சது. வால்பாறைல ஒரு எஸ்டேட்டுல கோழி அடையறதுக்கு விட்டிருந்தாங்க. நானும் என்ற பெரிய பையன் குமரகுருவும் போயி லாரில ஏத்தீட்டு வந்து, ஒவ்வொரு போல்ட்டாக் கழட்டி மாட்டுனோம். குரு கை பட்டா கல்லும் ஓடுமுங்க. இந்தா, முன்னால முருகன் படத்துக்குக் கீழ சின்னதா ஒரு பல்பு எரியுது பாருங்க, அது அவன் வெச்சது. சாவியத் திருப்புனா எரியும், எடுத்தா அணையும், அப்படித்தான் வெச்சான். பக்கத்துல இருக்கற போட்டோ அவன்தான். அத நான் ஒட்டுனேன், அப்புறமா. ஒரு வாரக் காய்ச்சலுங்க. கோயமுத்தூருக்குக் கொண்டு போனோம், திருப்பிக் கொண்டாந்தோம். அதச் சொல்ல வேண்டாம்.

அவன் போனதுக்கு அப்புறம் அந்தப் பல்பு அணையறதே இல்லைங்க. சாவிக்கும் அதுக்கும் இப்ப சம்பந்தம் கெடையாது. பேட்டரில இருந்து நேரா ஒரு வயர் இழுத்து நானே மாட்டுனேன். என்ற பையன் மொகம் இருட்டுல கெடக்கக் கூடாதில்லீங்களா?

சரி, விசயத்துக்கு வர்றேன். நான் மில்லுல எலக்ட்ரிக்கல் பாத்தவனுங்க. உடுமலை சுத்துவட்டாரத்துல மோட்டார் எரிஞ்சுபோனா என்னையத்தான் கூப்புடுவாங்க. அதனால கரண்டு விசயத்துல என்னைய யாரும் ஏமாத்த முடியாது. இந்தக் காருல என்னன்னா, இஞ்சின் ஓடறப்ப பெல்ட்டு டைனமோவச் சுத்தும். டைனமோ பேட்டரிக்குக் கரண்டு குடுக்கும். இஞ்சின் மெதுவாச் சுத்துனா டைனமோ ஒண்ணும் தராது. அப்ப ஹெட்லைட்டு, வைப்பரு, ஹாரன் எல்லாத்துக்கும் பேட்டரிதான் அழுவணும். இந்தா இந்த முள்ளப் பாருங்க. வலது பக்கம் சாஞ்சா பேட்டரிக்குள்ள வருதுன்னு அர்த்தம். இடது பக்கம் சாஞ்சா வெளிய போகுதுன்னு அர்த்தம். இப்ப எங்க நிக்குது? நட்டநடுவுல. வர்றதுமில்ல, போறதுமில்ல. குருவோட வயரு இந்த முள்ளு வழியாப் போகலீங்க, அது தனி. அதத் தவிர மத்ததெல்லாம் இந்த முள்ளு காட்டிக் குடுத்துரும்.

குரு இருந்த வரைக்கும் பேட்டரி ஒரு நாள் இறங்குனதில்ல. இதக் கவனிங்க. ஒரு நாள்கூட. அவன் காரியம் முடிஞ்சு, போட்டோ ஒட்டி, விளக்கு மாட்டி, ஒரு வாரம் ஆயிருக்குமா? கோயிலுக்குப் போலாம்னு சாவியத் திருப்பறேன், கிர்ருங்குது, நின்னுருது. எனக்கு எப்படி இருக்கும்? பையன் இல்லாம மொத மொதல்ல வண்டிய எடுக்கறேன், அது வரமாட்டேங்குது.

நான் ஆத்தரப்படலீங்க. மொறையாப் பாத்தேன். பெல்ட்ட அமுத்திப் பாத்தேன், தொய்வில்ல. டைனமோவக் கழட்டி கார்பன் பிரஷ் பாத்தேன், தேய்மானமில்ல. கட்டவுட்டுன்னு ஒரு பொட்டி இருக்குது, இஞ்சின் நின்னா டைனமோவையும் பேட்டரியையும் பிரிச்சு வெக்கறது அதோட வேலை. அது ஒட்டிக்கிட்டா ராத்திரியோட ராத்திரியா பேட்டரி டைனமோவுக்குள்ள வடிஞ்சுரும். அதோட பாயிண்ட்டுகள உப்புத்தாள் போட்டு மொகம் பாக்கற மாதிரி தேச்சேன். எர்த்துப் பட்டையச் சொரண்டி மாட்டுனேன். புது பேட்டரியே வாங்கிப் போட்டேன், மாத்தற அந்தச் சித்த நேரம் குரு விளக்கு அணைஞ்சதையே என்னால பாக்க முடியல. அதும் இறங்குச்சு. புது பேட்டரிய இறக்கணும்னா எவ்வளவு திமிரு இருக்கணும் பாருங்க.

ஒரே ஒரு டெஸ்ட் மட்டும் நான் பண்ணலீங்க. பேட்டரி வயரக் கழட்டி நடுவுல ஒரு டெஸ்ட் லேம்ப் வெக்கறது. வண்டி சும்மா நிக்கறப்ப எங்கயாவது கரண்டு கசிஞ்சா அந்த லேம்ப் எரிஞ்சு காட்டிக் குடுத்துரும். மில்லுல தெனமும் பண்றதுதான். ஆனா வயரக் கழட்டுனா குரு விளக்கு மறுபடியும் அணைஞ்சுரும். அதனால அத விட்டுட்டேன். பேட்டரிய சார்ஜுக்குக் கூட வெளிய அனுப்பறதில்ல, சார்ஜரை இங்கயே வாங்கி வெச்சிருக்கறேன்.

அப்ப யோசிச்சுப் பாருங்க. டைனமோ சரி, கட்டவுட்டு சரி, பேட்டரி புதுசு, முள்ளு நடுவுல நிக்குது. எந்திரத்துல தப்பில்லீன்னா தப்பு எங்க இருக்கும்? மனுசன்கிட்டத்தான் இருக்கும். இந்த வீட்ல அப்ப இருந்தது மூணு பேரு. நானு, என்ற சம்சாரம் சகுந்தலா, நீங்க விசாரிக்க வந்திருக்கற சின்னவன். சகுந்தலாவுக்கு கார் கதவத் தெறக்கவே தெரியாது. மிச்சம் யாரு?

சந்தேகப்பட்டு ஒருத்தன் மேல பழி போடறவன் நானில்ல. கண்ணால பாத்தேன். பொழுதோட வேலை முடிச்சு வந்து இந்த ஷெட்டுக்குள்ள நொழைவான். கதவத் தெறந்து பக்கத்து சீட்டுல உக்காந்துக்குவான். டிரைவர் சீட்டுல இல்லீங்க, பக்கத்து சீட்டுல. நான் சன்னல் வழியாப் பாத்துட்டே இருப்பேன். பாட்டுக் கேக்கறானான்னு பாத்தா, இதுல ரேடியோவே கெடையாது. லைட்டும் போடல. சும்மா உக்காந்திருக்கறான். ஒருத்தன் சும்மா உக்காருவானா? ஒரு நாளு கேட்டே போட்டேன். "அண்ணங்கூட சித்த நேரம் உக்காந்திருந்தேம்ப்பா"ங்கறான். எப்படி இருக்குது பேச்சு? உசுரோட இருந்தப்ப வண்டிக்கு ஒரு ஸ்பேனர் எடுத்துக் குடுத்ததில்ல, இப்பத்தான் அண்ணன் மேல பாசம் பொங்குது. நான் ஷெட்டப் பூட்டிச் சாவிய இடுப்புல முடிஞ்சுக்கிட்டேன்.

அப்பவும் இறங்குச்சுங்க! பூட்டுன ஷெட்டுக்குள்ள! கள்ளச்சாவி போட்டிருக்கறான்னு அப்பத்தான் புரிஞ்சுது. அவன் ரூமைக் கொட்டிக் கவுத்துத் தேடுனேன். சட்டைப் பை, தலகாணி ஒறை, ஒண்ணு விடல. ஒண்ணும் கெடைக்கல. எத்தனை கெட்டிக்காரன் பாருங்க.

நீங்க என்னமோ கேக்க வர்றீங்க. ஆமாங்க, தாடையில ஒரு தழும்பு இருக்குது. நல்லாக் கவனிச்சிருக்கறீங்க. உங்ககிட்ட என்ன சொன்னான்? பைக்குல இருந்து விழுந்துட்டேன்னானா? பாத்துக்குங்க, பொண்ணு பாக்க வந்த எடத்துலயே பொய்யி. அது நடந்தது இதே உடுமலைல, ஐப்பசி மழைல, என்ற மச்சினன் பொண்ணு கல்யாணத்து அன்னைக்கு. சார்ஜரப் போட்டு எப்படியோ கெளப்பீட்டுப் போனேன். கடைவீதி முக்குல கூட்டம், மழை, வைப்பரு ஓடுது, லைட்டு எரியுது, வண்டி ஊர்ந்து ஊர்ந்து போயி நின்னுருச்சு. முன்னாலயும் பின்னாலயும் ஹாரன். மண்டபத்துக்குப் போற சொந்தக்காரன் பூரா வேடிக்கை பாக்கறான். ரெண்டு மூணு பேரு தள்ளறதுக்கு எறங்குனாங்க. நான் வேண்டாம்னுட்டேன். "யாரும் கை வெக்காதீங்க, பேட்டரிய எறக்குனவன் தள்ளட்டும்"னு சொன்னேன். சத்தமாத்தான் சொன்னேன். பட்டுவேட்டி கட்டியிருந்தான். எறங்கித் தள்ளுனான். ஒத்தையாளு, இரும்பு வண்டி, மண்டபம் வரைக்கும் ஏத்தம். நான் ஸ்டீயரிங்க விட்டு எறங்கலீங்க. சகுந்தலா பின்னால உக்காந்து அழுவறா, "நீங்களாச்சும் எறங்குங்க, பாரம் கொறையும்"ங்கறா. பாரம் கொறையறதுக்கா நான் சொன்னேன்? மண்டபத்து வாசல்ல சேத்துல வழுக்கி பம்பருல மொகத்த அடிச்சுக்கிட்டான். ரத்தம் சட்டை பூரா. அவனுக்குப் பேசி வெச்சிருந்த பொண்ணு வீட்டுக்காரங்க வாசல்லயே நின்னு பாத்தாங்க. அடுத்த வாரம் ஆள் விட்டு வேண்டாம்னுட்டாங்க. அவிய நல்ல மனுசங்க, புரிஞ்சுக்கிட்டாங்க.

அதுக்கு அப்புறம் அவன் தையல் போட்டுட்டு வந்து சாப்புட்டான், படுத்தான். அந்த அமுக்குணித்தனந்தான் எனக்குப் புடிக்காது. குருவா இருந்தா ரெண்டுல ஒண்ணு கேட்டிருப்பான்.

அப்புறம் நடந்ததக் கேளுங்க. அந்த மாசக் கடைசில கட்டவுட்டு பாயிண்ட்ட மறுபடியும் தேச்சேன். தேச்சதும் பாத்தீங்கன்னா, வண்டி சாவியத் தொட்டாப் போதும், பட்டுனு எந்திரிச்சுக்குது. ஒரு வாரம், பத்து நாளு, ஒரு மக்கர் இல்ல. எனக்கு ஆச்சரியம். அட, பாயிண்ட்டுலதான் இருந்திருக்குது கோளாறுன்னு சந்தோசப்பட்டேன். அவன்கிட்டக்கூட அன்னைக்கு நல்லாப் பேசுனேன், "சோறு போட்டுக்கடா"ன்னேன். சகுந்தலா பூரிச்சுப் போயிட்டா.

ஒரு நாளு வெடியால எப்பவும் எந்திரிக்கறதுக்கு முன்னாலயே முழிப்பு வந்துருச்சு. ஷெட்டுல என்னமோ சத்தம். வந்து பாத்தா பூட்டுத் தெறந்து கெடக்குது. வண்டிக்குள்ள அவன். முருகனும் குருவும் இருட்டுல கெடக்கறாங்க. அவன் கையில அந்தப் பல்பு. கழட்டி வெச்சிருக்கறான்! தெனமும் நான் படுத்ததுக்கு அப்புறம் வந்து கழட்டீட்டு, வெடியால நான் எந்திரிக்கறதுக்கு முன்னால மாட்டீட்டுப் போயிருக்கறான். பத்து நாளும் ராத்திரி பூரா என்ற பையன் இருட்டுல இருந்திருக்கறான். சாவி? சகுந்தலா எடுத்துக் குடுத்திருக்கறா. நான் தூங்கறப்ப என்ற இடுப்புல இருந்து எடுத்து. என்ற சம்சாரமே.

எனக்கு ரத்தம் கொதிச்சுதுங்க. சொன்னான், என்னமோ சொன்னான். "பேட்டரி இறங்கறது இதனாலதாம்ப்பா, நீங்களே பாருங்க, பத்து நாளா வண்டி ஸ்டார்ட் ஆகுதில்ல"ன்னான். பாயிண்ட்டத் தேச்சது நானு, பேரு அவனுக்காம். அண்ணன் உசுரோட இருந்தப்ப பொறாமை. செத்தும் அவன் வெளிச்சமா இருக்கறது பொறுக்கல. போட்டேன் ரெண்டு. அடிச்சத நான் இல்லைன்னு சொல்லல. அடிச்சுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "ஏண்டா, ரெண்டு பேருல அவன் எதுக்குடா போனான், நீ எதுக்குடா இருக்கறே?"ன்னேன். பெத்தவன் கேக்கக்கூடாதா? மனசுல இருந்தது வந்துருச்சு. அவன் பல்ப மாட்டி எரியுதான்னு பாத்துட்டு, கீழ எறங்கி, மொகத்தத் தொடைச்சுக்கிட்டு, அப்படியே தெருவுல எறங்கிப் போயிட்டான். மாத்துத் துணிகூட எடுக்கல.

எரியறதப் புடுங்குனா கொதிக்கறது அடங்கும்பாங்க. சனியன் ஒழிஞ்சுது, இனி வண்டி நல்லா இருக்கும்னு நெனைச்சேன்.

அங்கதானுங்க விசயமே. அவன் போயி ஆறு வருசம் ஆச்சு. இன்னமும் பேட்டரி இறங்குது.

சிரிக்காதீங்க. நான் வெளையாட்டுக்குச் சொல்லல. அவன் இங்க இல்ல, நான் பூட்ட மாத்தீட்டேன், சாவியக் கழுத்துல கயித்துல போட்டுத் தூங்கறேன், இருந்தும் ஒரு வாரம் வண்டிய எடுக்காம விட்டா இறங்கிருது. அப்படின்னா என்ன அர்த்தம்? திருப்பூர்ல இருந்து வர்றான். கடைசி பஸ்ஸுல வந்து, வேலைய முடிச்சுட்டு மொத பஸ்ஸுல போயிருவான். சாட்சி வேணுமா? நாய் கொலைக்கறதில்ல. வாசல்ல உங்களப் பாத்து என்ன போடு போட்டுச்சு, ராத்திரில ஒரு சத்தம் இருக்காது. ஏன்னா அது அவன் வளத்த நாயி. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? சில நாளு வெடியால வந்து பாத்தா குரு மங்கிப் போயி இருப்பான். சாகப்போற ஆளு மொகம் மாதிரி மஞ்சளா. ஆஸ்பத்திரில கடைசி நாளு அப்படித்தான் இருந்தான். ரெண்டாவது தடவையும் என்ற கண்ணு முன்னால அவன அணைக்கப் பாக்கறான் தம்பிக்காரன். ஒரு அண்ணனுக்கே இப்படிப் பண்றவன், நாளைக்கு உங்க பொண்ணுக்கு என்ன பண்ணுவான்?

சகுந்தலா உள்ள உங்ககிட்ட என்னமோ குசுகுசுன்னு சொன்னாளே, என்ன? வேண்டாம், சொல்லாதீங்க, எனக்கே தெரியும். "எம் பையன் தங்கம், பொண்ணக் குடுங்க"ன்னிருப்பா. அவ அப்படித்தான் சொல்லுவா. சாவி எடுத்துக் குடுத்தவதானே. அன்னைக்கு இருந்து இந்த ஷெட்டுப் பக்கம் வரக்கூடாதுன்னுட்டேன், வர்றதில்ல.

என்ன பாக்கறீங்க? எங்க பாக்கறீங்க?

அந்தப் பல்பா?

இதச் சொல்றதுக்குத்தான் இத்தனை நேரம் தலைய ஆட்டுனீங்களா? ராத்திரி பகலா எரியற பல்பு பேட்டரிய இறக்காதான்னு ஒரு எலக்ட்ரிக்கல் ஆளப் பாத்து கேக்கறீங்க. எனக்குத் தெரியாதுங்களா? ஹெட்லைட்டு எத்தனை இழுக்கும், வைப்பரு எத்தனை இழுக்கும், ஹாரன் எத்தனை இழுக்கும்னு இந்த வண்டில இருக்கற ஒவ்வொண்ணையும் கூட்டிப் போட்டவன் நானு. அதக் கூட்டலியான்னா கூட்டல. எதுக்குக் கூட்டணும்? அது லோடு இல்லீங்க. அது என்ற பையன்.

அவனும் என்ற பையன்தானேன்னு மட்டும் சொல்லாதீங்க. எல்லாரும் அதையே சொல்றீங்க.

கைய எடுங்க! எடுங்க கைய! ஒரே ஒரு ராத்திரி கழட்டி வெச்சுப் பாக்கறதா? அவன் அனுப்பிச்சானா உங்கள? இதுக்குத்தான் வந்தீங்களா? இருங்க, இருங்க, கோவிச்சுக்காதீங்க. பெரியவங்க, தாய்மாமன், நான் சத்தம் போட்டிருக்கக்கூடாது. அந்தப் பல்புகிட்ட யார் கை போனாலும் எனக்கு அப்படி ஆயிருது.

என்னது? குடுக்கறீங்களா? இத்தனையும் கேட்டுட்டா? பொண்ணக் குடுக்கறதுன்னு இப்ப இங்க நின்னுட்டே முடிவு பண்ணீட்டீங்களா? உங்க இஷ்டமுங்க. என்ற கடமை, நான் சொல்லீட்டேன்.

கல்யாணத்துக்கா? வர்றேனுங்க. பெத்தவன் வராம இருப்பனா? பாத பூசைக்கு அப்பன் இல்லாம மணவறைல அவன் ஒத்தையா நிக்கறத ஊரு பாக்கணுமா? ஆனா வேற வண்டில வரமாட்டேன். நீங்க கார் அனுப்பறேன்னு சொல்லாதீங்க. இந்த வண்டிலதான் வருவேன், குருவோட. சகுந்தலாவ மட்டும் முன்னால பஸ்ஸுல அனுப்புங்கன்னா, அதெப்படிங்க அனுப்பறது? வந்தா எல்லாரும் ஒண்ணா வருவோம். உள்ள போயி அவகிட்ட நீங்களே சொல்லீட்டுப் போங்க, நான் வர்றதுக்கு ஒத்துக்கிட்டேன்னு. சந்தோசப்படுவா.

நாள் குறிச்சதும் சொல்லியனுப்புங்க. அன்னைக்கு வெடியால குளிச்சு, வேட்டி கட்டி, அவளப் பின்னால உக்கார வெச்சுட்டு சாவியத் திருப்புவேன். அவன் மொத நாளு ராத்திரி இங்க வந்து கை வெக்காம இருந்தான்னா வண்டி ஸ்டார்ட் ஆகும், முகூர்த்தத்துக்கு தாராபுரத்துல நிப்போம். ஸ்டார்ட் ஆகலீன்னா, அப்பனும் ஆத்தாளும் வரலீன்னு மண்டபத்துல யாரும் எங்களப் பேசக்கூடாது. அவனக் கேளுங்க. அவன்தான் வரவிடல.